எண் பிணக்கு
பழைய வீட்டுக் கணினியில் பிணைய அட்டை இயங்காமையும் அதன் காரணமும்

கெடா மாநிலத்தில், மெர்போக் ஆறு கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது தஞ்சோங் டாவாய். நெத்திலிக்கும் உப்புமீனுக்கும் பெயர் பெற்ற அம்மீனவர் ஊரிலிருந்து உள்நாடு நோக்கிச் செல்வோர் மெர்போக், செமிலிங், பீடோங், சுங்கை பட்டாணி ஆகிய ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த தோட்டப்புறங்களையும் காண்பர். மலாய் மொழியில் 'டாவாய்' என்பது கம்பியைக் குறிக்கும் சொல். கம்பியும் அதன் வழியே செல்லும் அழைப்புமே இங்குப் பேசப்படும் பொருளாதல் தற்செயலாக அமைந்த பொருத்தமேயாம்.

இரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் மிகுந்துள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பல ஊர்களுக்கும் பெயர்ந்த பின்னர், அங்கு நடந்த வாழ்வுக்கு எழுத்துச் சான்று யாது என்னும் வினா எழுகின்றது. தாளில் உள்ளவற்றைத் தேடுவோர் உளர். கணினியில் உள்ளவற்றைத் தேடுவோர் அரியர். 1990-களில் வீட்டுக்குக் கணினி வந்த காலத்துத் தமிழாசிரியர் ஒருவர் தட்டெழுதிய பள்ளி மலரும், கோயிற் செயலாளர் ஒருவர் பதிந்துவைத்த திருவிழாக் கணக்கும், மன்றத்தின் ஆண்டறிக்கையும் இன்றும் அக்கணினியின் வன்தட்டிலேயே தங்கியிருத்தல் கூடும். அவற்றை வெளிக்கொணர முற்படும்போதுதான் இடர் தொடங்குகின்றது.

அத்தகைய கணினியில் யு.எஸ்.பி. துளை இராது, இருப்பினும் பழைய விண்டோஸ் அதனை நன்கு அறியாது. நெகிழ்வட்டுகளோ பூஞ்சணம் பிடித்துப் போயிருக்கும். வன்தட்டைக் கழற்றி இணைப்பி வாயிலாகப் புதுக்கணினியில் மாட்டுதல் குறுக்கு வழி. அது கைகூடுமாயின் அதனையே செய்தல் நன்று. ஆயினும் மிகப் பழைய தட்டுகளை இன்றைய இணைப்பிகள் பல அறிந்துகொள்வதில்லை. மேலும், பழைய தமிழ்ச் செயலியைத் திறந்து பார்த்தாலன்றி இன்ன கோப்பு இன்னது என்று தெரியாத நிலையும் உண்டு. ஆகவே பிணைய அட்டை ஒன்றைச் சொருகி, கம்பி வழியே கோப்புகளைப் புதுக்கணினிக்கு அனுப்புதலே எஞ்சிய வாயிலாகின்றது.

அட்டையைச் சொருகியவுடன் விந்தைகள் நிகழும். நேற்றுவரை பேசிய ஒலி அட்டை ஊமையாகும். சுட்டி திரையில் அசையாது நிற்கும். அட்டை இருப்பதாகக் கணினி சொல்லும், ஆனால் ஒரு கோப்பும் நகராது. கடையிற் காட்டினால், "அட்டை கெட்டுவிட்டது, வேறு வாங்குங்கள்" என்னும் மறுமொழி வரும். அல்லது, "ஃபார்மட் செய்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பர். முன்னதைக் கேட்டால் பணம் போகும். பின்னதைக் கேட்டாலோ எதனைக் காக்கவேண்டி இம்முயற்சி தொடங்கிற்றோ அதுவே அழிந்துபோகும். இத்தகைய நிலையில் அட்டையும் பெரும்பாலும் கெட்டிராது, விண்டோஸும் கெட்டிராது. பழுதில்லாத இரு பொருள்கள் ஒரே எண்ணைக் கேட்டு நிற்கின்றன, அவ்வளவே.

எந்த எண் என்பதை அறிய, கணினியின் உள்ளே வேலை நடக்கும் முறையைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

ஒரு பள்ளியின் தலைமையாசிரியரை எண்ணிக்கொள்க. அவர் தம் அறையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் அவரறைக்கு ஒரு கயிறும், கயிற்றின் முனையில் எண்ணிட்ட மணியொன்றும் உண்டு. வகுப்பில் அவர் வரவேண்டிய தேவை எழுந்தால் ஆசிரியர் கயிற்றை இழுப்பார். தலைமையாசிரியர் எழுதுவதை நிறுத்தி, மணியின் எண்ணைப் பார்த்து, அவ்வகுப்புக்குச் சென்று, வேண்டுவன செய்து, மீண்டும் விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்குவார். கணினியின் செயலகமே அத்தலைமையாசிரியர். விசைப்பலகை, சுட்டி, வன்தட்டு, பிணைய அட்டை முதலியன வகுப்புகள். அம்மணிக்கு ஆங்கிலத்தில் 'இன்டரப்ட்' என்று பெயர்.

இச்சொல்லைத் தமிழில் 'குறுக்கீடு' என்று வழங்குகின்றனர். சொல்லுக்குச் சொல் சரியே. ஆயினும் பொருள் சற்றே திரிகின்றது. குறுக்கீடு என்றால் வேண்டாத தலையீடு என்னும் எண்ணமே நம்மவர்க்கு முதலில் தோன்றும். இஃதோ வேண்டிய அழைப்பு, இஃதின்றேல் கணினி ஒவ்வொரு கருவியையும் ஓயாது சென்று, "வேலை உண்டா? வேலை உண்டா?" என்று கேட்டுத் திரிய நேரும். ஆகவே இங்கு 'அழைப்பெண்' என்னும் சொல்லே ஆளப்படுகின்றது.

1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் தனியாள் கணினியில் இவ்வழைப்புக் கம்பிகள் எட்டே இருந்தன. 1984-இல் வந்த ஏ.டி. என்னும் கணினியில் மேலும் எட்டுச் சேர்ந்தன. ஆனால் இரண்டாம் எட்டை முதல் எட்டோடு பிணைக்க ஒரு கம்பி செலவாயிற்று. எஞ்சியவை பதினைந்து. இந்தப் பதினைந்தையும் நம்பியே 1990-களின் வீட்டுக் கணினி வாழ்ந்தது. 0 கடிகாரத்துக்கும் 1 விசைப்பலகைக்கும் உரியன. 6 நெகிழ்வட்டுக்கு, 7 அச்சுப்பொறிக்கு, 8 நாட்காட்டிக் கடிகாரத்துக்கு, 12 சிறுமுனைச் சுட்டிக்கு, 13 கணக்கீட்டுத் துணைக்கு, 14-உம் 15-உம் வன்தட்டு, குறுவட்டு ஆகியவற்றுக்கு. 'காம்' எனப்படும் தொடர்த்துறைகள் நான்கு இருப்பினும் அவற்றுக்கு எண் இரண்டே: ஒன்றாவதற்கும் மூன்றாவதற்கும் 4, இரண்டாவதற்கும் நான்காவதற்கும் 3. ஒலி அட்டை 5-ஐப் பிடித்துக்கொள்ளும். அப்படியாயின் வெறுமையாய் எஞ்சுவன 9, 10, 11 என்னும் மூன்றே என்பது கணக்கிட்டுப் பார்ப்போர்க்குத் தெரியும்.

இவ்விடத்தில்தான் வரலாறும் வந்து சேர்கின்றது. மலேசிய வீடுகளுக்கு இணையம் முதலில் தொலைபேசி மோடம் வழியே வந்தது. கணினியின் உள்ளே சொருகிய மோடம், இரண்டாம் அல்லது நான்காம் தொடர்த்துறையாகத் தன்னைக் கூறிக்கொண்டு 3-ஆம் எண்ணில் அமர்ந்தது. 2001-இல் டெலிகாம் மலேசியா ஸ்ட்ரீமிக்ஸ் என்னும் அகலப்பட்டை இணைப்பைத் தொடங்கியபோது, புதுவகை மோடத்தோடு பேசுதற்கு வீட்டுக் கணினிக்குப் பிணைய அட்டை வேண்டியதாயிற்று. புதிது வாங்க இயலாதோர், அலுவலகங்கள் கழித்த பழைய அட்டைகளை வாங்கிச் சொருகினர். அவற்றுட் பல, நோவெல் நிறுவனத்தின் 'என்.இ. 2000' என்னும் அட்டையைப் போலச் செய்யப்பட்டவை. அவ்வட்டைக்கு ஆலையில் இட்டுக் கொடுத்த அழைப்பெண் பெரும்பாலும் 3. மோடம் முன்னரே அமர்ந்திருந்த இருக்கை அது. பழைய மோடத்தைக் கழற்ற மனமின்றி, "கிடக்கட்டும்" என்று விட்டுவைத்த வீடுகளில் பிணக்கு மூண்டது இதனாலேயே.

இருவர் ஒரே கயிற்றைப் பிடித்தால் என்ன தீங்கு, இருவரையும் சென்று பார்க்கலாகாதா என்று கேட்கலாம். அக்காலத்து ஐ.எஸ்.ஏ. என்னும் நீண்ட கருந்துளைகளின் அமைப்பு அதற்கு இடந்தருவதில்லை. மணி ஒலிப்பது கயிறு இழுபடும் அந்நொடியில் மட்டுமே. ஒருவர் முன்னரே இழுத்துப் பிடித்திருப்பாராயின், இரண்டாமவர் இழுப்பில் ஒலி பிறவாது. அவர் வகுப்பில் காத்திருப்பார். தலைமையாசிரியரோ ஒன்றும் அறியாது எழுதிக்கொண்டிருப்பார். பின்னர் வந்த பி.சி.ஐ. என்னும் வெண்மையான குறுந்துளைகளில் மணிக்கு மாறாக விளக்கு வைத்தனர் என்று கொள்ளலாம். தேவை தீருமளவும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். தலைமையாசிரியர் அவ்விளக்குக்குரிய எல்லா வகுப்புகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுவருவார். எனவே பி.சி.ஐ. அட்டைகள் ஓரெண்ணைப் பகிர்ந்துகொள்ளலாம். விண்டோஸ் 98-இன் பட்டியலில் ஒரே எண் இருமுறை மும்முறை எழுதப்பட்டிருப்பதைக் கண்டவுடன் பிணக்கு என்று அஞ்சுதல் வேண்டா. அவை யாவும் பி.சி.ஐ. வகையாயின் பெரும்பாலும் அமைதியாகவே வாழும்.

வியப்பு யாதெனில், பிணைய அட்டையின் வெளிப்புறக் கம்பியில் இப்பண்பாடு முன்னரே இருந்தது. 1973-இல் அமெரிக்காவின் செராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் வகுத்த ஈதர்நெட் முறையில், இரு கணினிகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் இரண்டும் நிறுத்தி, வெவ்வேறு காலம் காத்திருந்து, மீண்டும் பேசும். கம்பியில் மோதல் நேரும் என்று எதிர்பார்த்து அதற்கு வழியமைத்த அட்டை, கணினியின் உள்ளே தன் அண்டை அட்டையோடு மோதி நின்றுவிடுகின்றது.

அழைப்பெண்ணேயன்றி வேறொரு எண்ணும் பிணக்குக்குரியது; அது முகவரி எண். மணியோசை கேட்டுச் செல்வதற்கு வகுப்பறையின் கதவிலக்கம் தெரிதல் வேண்டுமன்றோ? தோட்டத்து லயத்தில் வீட்டெண் இருப்பதுபோல ஒவ்வோர் அட்டைக்கும் தொடக்க முகவரி ஒன்றுண்டு. என்.இ. 2000 வகைக்கு அது பெரும்பாலும் 300 என எழுதப்பெறும். இவ்வெண் பத்தடிமானத்தில் அன்று, பதினாறடிமானத்தில் எழுதப்படுவது. நமது கணக்கில் 768 ஆகும். அங்கிருந்து 32 வீடுகளை இவ்வட்டை எடுத்துக்கொள்ளும். தொடக்க எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "வேறு எவரும் இல்லை" என்று முடிவு செய்வோர் ஏமாறுவது இதனாலேதான். அட்டையை 360-இல், அஃதாவது 864-இல், வைத்தால் அது 895 வரை பரவும். அச்சுப்பொறித் துறையோ 888-இல் குடியிருக்கின்றது. 320-இல், அஃதாவது 800-இல், வைத்தால் 831 வரை செல்லும். பல ஒலி அட்டைகளின் இசைக்கருவித் துறை 816-இல் உள்ளது. தொடக்க எண்கள் வேறு. ஆனால் திண்ணைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன.

இவ்விருவகைப் பிணக்கும் வெவ்வேறு குறிகளைக் காட்டும். அவற்றைப் பிரித்தறிதலே பாதி வேலை. முகவரி மோதினால் அட்டையை இயக்கி கண்டுகொள்ளாது. அல்லது, ஒவ்வோர் அட்டைக்கும் ஆலையிலேயே பொறிக்கப்பட்ட தனியடையாள எண்ணைக் கேட்கும்போது, எல்லா இடத்திலும் ஒரே குறி திரும்பத் திரும்ப வரும். அழைப்பெண் மோதினாலோ அட்டை காணப்படும். அடையாள எண்ணும் செவ்வையாக வரும். கம்பியருகில் உள்ள சிறுவிளக்கும் எரியும். ஆயினும் 'பிங்' என்னும் சோதனைக் கட்டளைக்கு, நேரம் கடந்துவிட்டது என்ற மறுமொழியே கிட்டும். கதவு தெரிகின்றது, மணி ஒலிக்கவில்லை என்பது இதன் பொருள். 'பிங்' சோதனையைத் தன் கணினியின் முகவரிக்கே செய்துபார்த்து மகிழ்தல் பயனில்லை. அச்செய்தி அட்டையைத் தொடாமலே திரும்பிவரும். வேறொரு கணினியின் முகவரிக்கே செய்தல் வேண்டும்.

விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் 'டிவைஸ் மேனேஜர்' என்னும் கருவிப் பட்டியல் உண்டு. அதில் மஞ்சள் வட்டத்துள் வியப்புக்குறி இட்ட அட்டை, பிணக்குற்ற அட்டையாகலாம். பட்டியலின் தலைப்பில் உள்ள 'கம்ப்யூட்டர்' என்னும் சொல்லை இருமுறை சொடுக்கினால் எந்த எண்ணில் யார் இருக்கின்றனர் என்னும் முழுக்கணக்கும் விரியும். அதனைத் தாளில் எழுதிவைத்துக்கொண்ட பின்னரே எதனையும் மாற்றுதல் நன்று. 1995-இல் விண்டோஸ் 95 வந்தபோது, இனிமேல் சொருகினால் போதும், எண்களைக் கணினியே பகிர்ந்தளிக்கும் என்றனர். சொருகிவிட்டு இறைவனை வேண்டிக்கொள்ளும் முறை அது என்று அக்காலத்தார் நகையாடியதும் உண்டு. புதிய அட்டைகளை அது நன்றாகவே நடத்திற்று. சிறுமுளைகளால் எண் அமைக்கப்பெற்ற பழைய அட்டைகளோ அதன் சொல்லைக் கேட்கமாட்டா. அவை அமர்ந்த இருக்கையை அறியாமல் அதே இருக்கையை வேறொருவர்க்கு அளித்துவிடும்.

இனித் தீர்க்கும் முறை. மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பெட்டியின் உலோக உடலைத் தொட்டுக் கைம்மின்னைப் போக்கியபின், திரைக்குரிய அட்டை தவிர ஏனைய அட்டைகளை எல்லாம் கழற்றுக. பிணைய அட்டையை மட்டும் சொருகி இயக்கிப் பார்க்க. தனித்து நிற்கும்போது அது செவ்வையாக இயங்குமாயின் குற்றம் அட்டையில் இல்லை என்பது உறுதி. தனித்தும் இயங்காவிடின் வேறு காரணம் தேடுக. தஞ்சோங் டாவாய் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அட்டையின் விளிம்புத் தொடுமுனைகளில் படிந்து மின்னோட்டத்தைத் தடுப்பதுண்டு; மாணவர் பயன்படுத்தும் மென்மையான வெள்ளை அழிப்பானால் மெல்லத் தேய்த்துச் சொருகினால் உயிர்பெறும் அட்டைகள் பல. இடிமின்னல் தொலைபேசிக் கம்பி வழியே வந்து தாக்கிய அட்டையாயின் அதற்கு மருந்து இல்லை.

அடுத்து, கணினி தொடங்கும்போது 'டெலீட்' விசையை அழுத்தி அடிப்படை அமைப்புக்குள் சென்று, பயன்படாத இரண்டாம் தொடர்த்துறையை நீக்குக. 3-ஆம் எண் விடுதலை பெறும். பிணைய அட்டைக்கு 10 அல்லது 11 அளித்தலே மேலானது. சிறுமுளையுடைய அட்டையாயின் முளையை மாற்றுக. முளையற்றதாயின் அதற்குரிய சிறு அமைப்புநிரல் உண்டு. விளிம்பு ஒரே துண்டாக உள்ள பழைய எட்டுப்பிட்டு அட்டைகள் 10-க்கும் 11-க்கும் எட்டமாட்டா என்பதை மறத்தலாகாது. அவற்றுக்கு 5-ஐ அளித்து ஒலி அட்டையை ஒதுக்கிவைத்தலே வழி. பின்னர், அளித்த எண் பழைய ஐ.எஸ்.ஏ. அட்டைக்கு உரியது என்று அடிப்படை அமைப்பிலும் ஒதுக்கிவிடுக, இன்றேல் பி.சி.ஐ. அட்டையொன்று அதனைக் கவர்ந்துகொள்ளும். இதன்பின் ஏனைய அட்டைகளை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு முறையும் இயக்கிப் பார்த்து, மீண்டும் சொருகலாம். கோப்புகளை வெளியேற்றுதல் மட்டுமே நோக்கமாயின் மோடத்தையும் ஒலி அட்டையையும் மீண்டும் சொருகவே வேண்டா. ஊமைக் கணினியும் கோப்பு அனுப்பும்.

இத்தனையும் செய்து வெற்றி கண்டவர், மறுநாட் காலையில் பிணக்கு மீண்டதாகக் கண்டு மனம் சோர்வதுண்டு. காரணம் தாய்ப்பலகையில் உள்ள சிறு மின்கலம். அது தீர்ந்துபோயிருந்தால் இரவில் மின்சாரம் நின்றவுடன் கணினி எல்லா ஒதுக்கீட்டையும் மறந்துவிடும். சில பழங்கணினிகள் வன்தட்டின் அளவையே மறந்து, தட்டு இல்லை என்று திரையில் எழுதும்; தட்டு மாண்டது என்று எண்ணி அதனை எறிந்துவிடுவாரும் உண்டு. நாணயம் போன்ற மின்கலமாயின் கடையில் வாங்கி மாற்றலாம். 486 முதலிய பழம்பலகைகளில் பற்றவைத்த உருளை மின்கலம் கசிந்து பலகையை அரித்திருக்கக்கூடும். இயக்குமுன் அதனைப் பார்த்தல் வேண்டும்.

தமிழில் 'பிணங்குதல்' என்னும் சொல்லுக்குப் பின்னிக்கொள்ளுதல் என்பதும் பொருள், மாறுபடுதல் என்பதும் பொருள். பின்னிக்கொள்வதால் எழும் மாறுபாட்டுக்கு இதனினும் பொருந்திய சொல் கிடைத்தல் அரிது. தமிழ்க் கோப்புகளைத் திறந்தவுடன் இதே பிணக்கு வேறுருவில் நிற்பதைக் காணலாம். அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் 128 முதல் 255 வரையுள்ள எண்களைத் தமக்கென எடுத்துக்கொண்டன. ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகள் முன்னரே குடியிருந்த எண்கள் அவை. ஓர் எழுத்துருவில் 'க' நின்ற எண்ணில் மற்றோர் எழுத்துரு வேறோர் எழுத்தை நிறுத்திற்று. மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் தட்டெழுதிய கோப்பையும் தமிழ்நாட்டுச் செயலியொன்றில் தட்டெழுதியதையும் ஒரே எழுத்துருவால் படிக்க முயன்றவர் அதனை நன்கறிவர். 1991 முதல் யூனிக்கோடு தமிழுக்கு எவரோடும் பகிராத 128 இடங்களைத் தனியே ஒதுக்கியமையால் அப்பிணக்கு ஓய்ந்தது; ஆனால் பழைய கோப்புகள் பழைய எண்களிலேயே உள்ளன.

ஆதலின் கோப்புகளை அனுப்பும்போது அவற்றுக்குரிய எழுத்துருக் கோப்புகளையும் உடன் அனுப்புதல் வேண்டும். விண்டோஸ் 10-இல் 2017 முதல், பழைய விண்டோஸ் பயன்படுத்தும் கோப்புப் பகிர்வு முறை இயல்பாக மூடப்பட்டுள்ளது. அதனால் இரண்டும் ஒரே கம்பியில் இருந்தும் ஒன்றையொன்று காணாமற் போகலாம். அதனையும் அட்டைப் பிணக்கென்று எண்ணி மீண்டும் பெட்டியைத் திறத்தல் வேண்டா. 'பிங்' மறுமொழி தருமாயின் அட்டை தன் கடமையைச் செய்துவிட்டது. புதுக்கணினியில் எஃப்.டி.பி. வாங்குநிரல் ஒன்றை நிறுவி, விண்டோஸ் 98-இல் முன்னரே உள்ள எஃப்.டி.பி. கட்டளையால் அனுப்பலாம். அனுப்பும்போது 'பைனரி' முறையைத் தேர்தல் வேண்டும். எழுத்து முறையில் அனுப்பினால் கோப்பின் சில எண்கள் மாறிப்போக இடமுண்டு. 2006-இல் காவல் நிறுத்தப்பட்ட விண்டோஸ் 98-ஐ வெளியிணையத்தில் திறந்துவிடுதல் கூடாது. இரு கணினிகளையும் தமக்குள் மட்டும் இணைத்து வேலையை முடித்துக்கொள்க. வந்து சேர்ந்த கோப்பை யூனிக்கோடாக மாற்றிய பின்னரும் மூலப்படியை அழியாது வைத்திருத்தல் வேண்டும். எழுத்துமாற்றி தவறாக மாற்றிய ஒரு சொல்லை, ஊர்ப்பெயராயினும் ஆட்பெயராயினும், அம்மூலத்தைக் கொண்டே திருத்த முடியும்.